கொடைமடமும் கொடையறமும்: பேகன் பாட்டுக்கள் பற்றிய ஓர் ஆய்வு

தமிழ் இலக்கியத்தைச் சிறிதளவேனும் கற்றார் யாவரும் அறிந்த செய்திகள் இரண்டு. பாரி என்பான் முல்லைக்குத் தேரீந்தான். பேகன் என்பான் மயிலுக்குப் போர்வை ஈந்தான். கீழ்வகுப்பு மாணவன் முதல் மேடைப் பேச்சாளர் ஈறாக எல்லாரும் இவ்விரண்டையும் வள்ளன்மைக்கு எடுத்துக்காட்டாக மொழிவர். பரீட்சை விடைத்தாள்களிலும் இவை தவறாது இடம்பெறும். ஆயின், இச்செயல்கள் எவ்வாற்றாற் சிறந்தன என்று வினாவுவார் மிகச் சிலரே. வினாவுவாருள்ளும் ஒரு சாரார், கொழுகொம்பு நாட்டினாற் போதுமான கொடிக்குத் தேரும், போர்த்திக்கொள்ள அறியாத பறவைக்கு ஆடையும் வழங்குதல் பேதைமையன்றோ என எள்ளி நகையாடுவர். மற்றொரு சாரார், அருளின் பெருக்கத்துக்கு ஆராய்ச்சி வேண்டாவெனக் கூறி அமைவர். புகழ்வோரும் இகழ்வோரும் ஒருங்கே மறந்தது ஒன்றுண்டு. இச்செயல்களைப் பற்றி அவற்றைப் பாடிய புலவர்களே ஒரு தீர்ப்புக் கூறியிருக்கின்றனர். அத்தீர்ப்பு யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894 ஆம் ஆண்டிற் பழைய உரையோடு பதிப்பித்து உதவினார். அந்நூலில் 141 முதல் 147 வரையுள்ள ஏழு பாட்டுக்களும் வையாவிக் கோப்பெரும்பேகனைப் பற்றியன. இவற்றைத் தனித்தனியே படிப்பார்க்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு செய்தி கூறும். ஒருசேர வைத்துப் படிப்பார்க்கு ஏழும் கூடி ஒரு வழக்கினை உரைக்கும். அவ்வழக்கிற் புகழ்ச்சியும் உண்டு, குற்றச்சாட்டும் உண்டு.

முதலிரண்டு பாட்டுக்களும் பரணர் பாடியவை. 141 ஆம் பாட்டு, பரிசில் பெற்று மீளும் பாணன் எதிர்ப்பட்ட மற்றொரு பாணனை ஆற்றுப்படுத்தும் முறையில் அமைந்தது. உடுக்கவும் போர்க்கவும் மாட்டாதென அறிந்திருந்தும் மயிலுக்குப் போர்வை அளித்தவன் பேகன் என்பதை அப்பாட்டுக் கூறுகின்றது. ஈண்டு ‘அறிந்திருந்தும்’ என்பது உற்று நோக்கற்பாலது. மயில் ஆடையை உடுக்காது என்பது பேகனுக்குத் தெரியும்; அது பரணர்க்கும் தெரியும். எனவே, இதனைப் பேதைமை என்று நகையாடுவார் புதிதாக எதனையும் கண்டுபிடித்தாரல்லர். அவ்வாட்சேபம் பாட்டினுள்ளேயே எழுப்பப்பட்டு விடையும் அளிக்கப்பட்டிருக்கின்றது. அவ்விடையாவது, பேகனது வண்மை மறுமைப் பயனை நோக்கியதன்று, பிறரது வறுமையை நோக்கியது என்பதாம்.

142 ஆம் பாட்டிற் பரணர் இதனை மேலும் விளக்குகின்றார். வற்றிய குளத்திலும், அகன்ற வயலிலும், ஒன்றும் விளையாத களர்நிலத்திலும் வேறுபாடின்றிப் பெய்யும் மழையைப் போன்றவன் பேகன் என்பது அவர் காட்டும் உவமை. இவ்வாறு வரையாது கொடுக்கும் இயல்பையே அவர் கொடைமடம் எனப் பெயரிட்டு, போரில் அம்மடம் அவனிடத்தில் இல்லை என்றும் கூறுகின்றார். மடம் என்னும் சொல் அறியாமையைக் குறிப்பது. புகழவந்த புலவர் அச்சொல்லைத் தவிர்த்திருக்கலாம். தவிர்க்காது ஆண்டமையே இப்பாட்டுக்குத் தனிச்சிறப்பாகும். பேகனது செயலில் ஓர் அறியாமை உண்டென்பதை அவர் மறுக்கவில்லை. அவ்வறியாமை கொடையிற் பொருந்தும், படையிற் பொருந்தாது என்று அதற்கு எல்லை வகுக்கின்றார். களரிற் பெய்த மழை வீணாயிற்றே என்று மழையை எவரும் குறை கூறுவதில்லை. களரை விலக்கி வயலில் மாத்திரம் பெய்வேன் என்று கணக்கிடும் மழை, மழையாகாது.

இம்மட்டில் நின்றுவிடின் பேகன் புகழ் குறைவின்றி நிற்கும். நம் பாடநூல்களும் பெரும்பாலும் இம்மட்டிலேயே நின்றுவிடுகின்றன. ஆயின், தொகுத்தோர் நிற்கவில்லை. அடுத்து வரும் ஐந்து பாட்டுக்களும் பேகனாற் கைவிடப்பட்ட அவன் மனைவி கண்ணகியைப் பற்றியன. சிலப்பதிகாரத் தலைவி வேறு, இவள் வேறு. கபிலர் ஒரு பாட்டும், பரணர் இரண்டு பாட்டும், அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் ஒவ்வொரு பாட்டுமாக நான்கு பெரும்புலவர் அவள் பொருட்டுப் பேகனை இரந்து பாடியிருக்கின்றனர். ஒருவனது இல்வாழ்க்கைக் குறையைத் தீர்த்தற்கு நான்கு புலவர் வாய்திறந்தமை சங்க இலக்கியத்தில் மிக அரிதாகக் காணப்படும் நிகழ்ச்சியாகும். இப்பாட்டுக்களின் கொளு, அவள் பேகனால் ‘துறக்கப்பட்டாள்’ என்று குறிக்கின்றது. துறவு என்னும் உயர்ந்த சொல் ஈண்டு எத்துணைக் கசப்புடன் வந்து நிற்கின்றது! போர்வையைத் துறந்தவன் மனைவியையும் துறந்தான். முன்னதைப் புலவர் பாடினர். பின்னதற்காகப் புலவர் வழக்காடினர். எதனையும் கைவிடுதல் தன்னளவில் அறமாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதின்று.

இவ்வைந்தனுள்ளும் 145 ஆம் பாட்டு நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலை போன்றது. பாடியவர் பரணரே. மயிலின் கொடையைச் சிறப்பித்த அதே புலவர் அதே செயலை மீண்டும் எடுத்துக்கூறிப் பேகனை விளிக்கின்றார். மயில் குளிரால் நடுங்குமென்று இரங்கிய அருளாளனே என்பது அவ்விளியின் கருத்து. பின்னர், யாம் பசித்து வந்தேம் அல்லேம், தாங்கவேண்டிய சுற்றச் சுமையும் எமக்கில்லை, யாம் இரக்கும் பரிசில் ஒன்றே என்கிறார். அப்பரிசில் பொன்னன்று, யானையன்று. இன்றிரவே தேரேறிச் சென்று, துன்பத்துடன் வாழும் அவளது துயரைக் களைதலே அப்பரிசில். மயில் நடுங்கியதாகப் பேகன் எண்ணியது ஓர் ஊகம். கண்ணகி கலங்கியது கண்ணெதிர்ப்பட்ட உண்மை. ஊகத்துக்கு உருகிய நெஞ்சம் உண்மைக்கு உருகாதது யாதினால் என்னும் வினாவைப் பரணர் வெளிப்படையாக எழுப்பவில்லை. புகழ்மொழியையும் வேண்டுகோளையும் அடுத்தடுத்து வைத்தமையே அவ்வினாவை எழுப்பிவிடுகின்றது. இதனினும் கண்ணியமான கண்டனத்தை யாம் எந்நூலிலும் கண்டிலேம்.

146 ஆம் பாட்டில் அரிசில்கிழார் மேலும் ஒரு படி செல்கின்றார். நீ தரும் அணிகலனும் செல்வமும் எமக்கு வேண்டா. எமக்குப் பரிசில் தர விரும்பினையாயின், உன் பிரிவால் வருந்துவாளது கூந்தல் மலர்சூடும் வண்ணம் உன் தேரிற் குதிரைகளைப் பூட்டுக என்பது அவர் கூற்றின் சாரம். பரிசிலால் வாழும் புலவன் பரிசிலை மறுக்கின்றான். அம்மறுப்பினால், பொருளைக் கொடுப்பது உனக்கு எளிது, உன்னைக் கொடுப்பதே அரிது என்று கொடைஞனுக்கு உணர்த்துகின்றான். தொகுத்தோர் இவ்வைந்து பாட்டுக்களையும் பெருந்திணையின்பாற் படுத்தனர். 141, 142 ஆம் பாட்டுக்களிற் பாடாண்டிணைக்கு உரியவனாய் விளங்கிய தலைவன் அடுத்த பாட்டிற் பெருந்திணைக்கு உரியவனாய்ச் சரிந்தமையை அவ்வைப்புமுறையே சொல்லாமற் சொல்கின்றது.

இனி, பாரியின் நிலை இதற்கு மாறானது. அவனையும் பேகனையும் ஒரே தட்டில் வைத்துப் போற்றும் வழக்கம், நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் வள்ளல்கள் எழுவரை ஒருங்கே கூறியதனாலும், பெருஞ்சித்திரனார் புறநானூற்று 158 ஆம் பாட்டில் அவ்வாறே கூறியதனாலும் நிலைபெற்றது. ஆயினும், கபிலர் பாரியைப் பாடிய பாட்டுக்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு வேறுபாடு விளங்கும். பறம்பு நாட்டின் முந்நூறு ஊர்களையும் பரிசிலர் பெற்றுவிட்டனர், எஞ்சியன பாரியும் யாமும் மலையுமே என்று 110 ஆம் பாட்டு மூவேந்தரை நோக்கிக் கூறும். 108 ஆம் பாட்டோ, பரிசிலர் பாரியையே இரப்பினும் அவன் வாரேன் என்னாது அவருடன் செல்வான் என்று கூறும். பேகனிடம் நான்கு புலவர் இரந்தும் பெற அரிதாயிருந்தது எதுவோ, அதுவே பாரியினிடத்து இரவாமுன்னரே ஆயத்தமாக இருந்தது. தேரைக் கொடுத்தமையாற் பாரி வள்ளலாயினான் அல்லன். தன்னையே கொடுத்தற்கு இசைந்திருந்தமையாலேயே தேர் அவனுக்கு ஒரு பொருளாகத் தோன்றவில்லை. முல்லைக்குத் தேரீந்த செய்தி மரமெனின், இவ்விசைவு அதன் வேராகும்.

ஆயின், இவ்வாறு கூறியவுடன் ஓர் ஐயம் எழும். எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட பாரியின் மக்கள் என்னாயினர்? தந்தையும் குன்றும் உடையராய் இருந்த முன்மாதத்து நிலவையும், இரண்டையும் இழந்த இம்மாதத்து நிலவையும் எண்ணி அம்மகளிர் பாடியது 112 ஆம் பாட்டு. அவர்களைக் கபிலர் விச்சிக்கோனிடத்தும் இருங்கோவேளிடத்தும் அழைத்துச் சென்றார், இருவரும் ஏற்றாரல்லர். கொடையின் விலையை மக்கள் செலுத்தினர் என்று பாரியைக் குறைகூறலாமா? நூலை நுணுகி நோக்கின், அவர்கள் வறுமைக்குக் காரணம் பாரி கொடுத்தமையன்று, மூவேந்தர் அவன் மலையை முற்றியமையாகும். அன்றியும், கொடுத்துக் கெட்டவன் மக்களை ஏற்றுத் தாங்குதல் எஞ்சிய செல்வரின் கடனாயிருந்தது. அக்கடனில் இருவர் தவறினர். ஒருவனது ஈகை தனித்து நிற்க இயலாது, சமுதாயத்தின் ஈகையே அதற்குக் காப்பு என்பது பாரிமகளிர் வரலாற்றால் யாம் பெறும் பாடமாகும்.

இதுகாறும் கொடுப்போனைப் பற்றிப் பேசினோம். கொள்வோனைப் பற்றியும் புறநானூறு பேசுகின்றது. அதியமான் நெடுமானஞ்சி, தன்னைக் காணவந்த பெருஞ்சித்திரனாரை நேரிற் காணாமலே பரிசிலை மாத்திரம் அனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. என்னைக் காணாது தந்த இப்பொருளைக் கொள்வதற்கு யான் வாணிகப் பரிசிலன் அல்லேன், என்னை அறிந்து விரும்பித் தரின் தினையளவும் இனிது என்று 208 ஆம் பாட்டிற் கூறினார். ஆய் என்னும் வள்ளலைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரும், இம்மையிற் செய்தது மறுமைக்கு ஆகும் என்று கணக்கிடும் அறவிலை வணிகன் அல்லன் அவன் என்று 134 ஆம் பாட்டிற் புகழ்ந்தார். கொடுப்போனும் வணிகனாகலாகாது, கொள்வோனும் வணிகனாகலாகாது. இருபாலும் வாணிகம் நீங்கியவிடத்தே ஈகை நிகழ்கின்றது. பொருள் கைம்மாறுதல் இரண்டிடத்தும் ஒன்றே; முகம் நோக்கலும் நோக்காமையுமே அவற்றை வேறுபடுத்துகின்றன.

இப்பெருஞ்சித்திரனாரே குமணனிடம் பெருஞ்செல்வம் பெற்று வீடு திரும்பியபோது தம் மனைவிக்குக் கூறியது 163 ஆம் பாட்டு. நின்னை விரும்புவார்க்கும், நீ விரும்புவார்க்கும், சுற்றத்தார்க்கும், முன்னர்க் கடன் தந்து உதவியோர்க்கும் கொடு, இன்னார் இனியாரென்று பாராதே, என்னையும் கேட்கவேண்டா, சேர்த்துவைத்து வாழ்வோம் என்று எண்ணாதே என்கிறார். நெடுநாள் வறுமையால் நலிந்த ஓரில்லத்தில் இச்சொற்கள் பிறந்தன என்பதை மறத்தலாகாது. பெற்றவன் அக்கணமே கொடுப்பவனாகின்றான். அக்கொடைக்கு மனையாள் தலைவியாகின்றாள். பேகனது இல்லத்தில் நிகழாதது புலவனது குடிலில் நிகழ்ந்தது.

சங்ககாலக் கொடை பெரும்பாலும் தலைவன் கையிலிருந்து புலவன் கைக்குச் சென்றது. திருவள்ளுவர் அதனை ஊரார் அனைவர்க்கும் உரிய அறமாக விரித்தார். ஈகைக்கு முன்னர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை அவர் வைத்தமை காண்க. அவ்வதிகாரம் மழையை முதலிற் கூறித் தொடங்குகின்றது. ஆயின் மழையோடு நில்லாது, ஊருணிக்கும், ஊர்நடுவே பழுத்த மரத்துக்கும், மருந்து மரத்துக்கும் இறங்கி வருகின்றது. மழை மேலிருந்து பெய்வது. எவ்விடத்திற் பெய்யும் என அறியவொண்ணாதது. ஊருணியோ மக்கள் நடுவே இருப்பது. நீர் வேண்டுவார் தலைதாழாது சென்று முகந்து வருவது. பரணரது மழைக்கும் வள்ளுவரது ஊருணிக்கும் இடையே தமிழர் அறச்சிந்தனை நடந்த தூரம் பெரிது. வறியவர்க்கு ஈவதே ஈகை, ஏனையவெல்லாம் பயனை எதிர்பார்த்துச் செய்வன என்று வள்ளுவர் வரையறுத்தபோது, மயிலும் முல்லையும் அவ்வரையறைக்கு வெளியே நின்றுவிட்டன எனலாமோ? அன்று. அவையும் கைம்மாறு செய்யமாட்டாதனவே. பயன்கருதாமை என்னும் பண்பினை அவ்விரு செயல்களும் மிகைப்படுத்திக் காட்டின; வள்ளுவர் அப்பண்பினைப் பசித்தவன் வாயிலுக்குக் கொண்டுவந்தார்.

மணிமேகலையில் இச்சிந்தனை முதிர்ச்சி பெறுகின்றது. கைம்மாறு செய்ய வல்லார்க்குக் கொடுப்போரை அறத்தை விலைகூறுவோர் என்று தீவதிலகை வாயிலாகச் சாத்தனார் இகழ்கின்றார். முடமோசியாரது அறவிலை வணிகன் என்னும் கருத்து ஈண்டு மறுபடியும் எதிரொலிக்கின்றது. அக்காட்சி நிகழும் மணிபல்லவத்தை நயினாதீவு என்று ஈழத்தறிஞர் பலர் கொள்வர். அமுதசுரபியின் முன்னைய வரலாறு இன்னும் ஆழமானது. அதனைப் பெற்று மதுரையில் எண்ணிறந்தோர் பசிதீர்த்த ஆபுத்திரன், நாட்டில் மழை பெருகி வளம் மிகுந்தபோது உண்பார் ஒருவரும் இன்றித் திகைத்தான். பசித்தோரைத் தேடிக் கப்பலேறிச் சென்றவன், ஆளில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். பல்லாயிரவர்க்கு உணவளிக்கும் பாத்திரத்தால் தன்னுயிர் ஒன்றனையே ஓம்புதல் தகாதென்று கருதி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்நீத்தான். உலகில் எப்பொருளினும் சிறந்த பொருளை அவன் கைவிட்டான். அஃது அவனுக்கு வெறுப்பு வந்தமையாலன்று. அப்பொருள் பிறர்க்குரியது, தனக்குரியதன்று என்னும் தெளிவினாலாம். பேகன் கண்ணகியைத் துறந்ததும், ஆபுத்திரன் அமுதசுரபியைத் துறந்ததும் சொல்லளவில் ஒன்றே. முன்னது தன் விருப்பத்தை நாடிச் செய்த துறவு; பின்னது பிறர் உரிமையை மதித்துச் செய்த துறவு.

சேக்கிழார் காட்டும் இளையான்குடிமாற நாயனாரை ஈற்றில் எண்ணுதல் தகும். செல்வமெல்லாம் தேய்ந்த காலத்தில், மழை பெய்யும் நள்ளிரவில் அடியவர் ஒருவர் வர, அன்று விதைத்த நெல்லையே வயலிற் சென்று வாரிவந்தார் அவர். விறகின்மையால் வீட்டுக் கூரையின் கட்டையையே அறுத்துத் தந்தார். கறிக்குச் சிறுகுழியிற் கிடந்த கீரையைப் பறித்தார். விதைநெல் உழவனுக்கு வருங்காலமாகும். முந்நூறு ஊரினும் அது பெரிது. இவ்வழியை நாயனார்க்கு முதலில் எடுத்துரைத்தவர் அவர் மனைவியாரே என்பது புராணத்தாற் பெறப்படும். அந்நெல்லை வறுத்துக் குற்றிச் சமைத்தவரும் அவரே. மனைவியை மறந்து மயிலை நினைந்த கொடையிற் குறைந்தது எதுவோ, அது ஈண்டு நிறைவுறுகின்றது.

இவ்வாராய்ச்சியாற் போந்த முடிபு இதுவாகும். கொடுத்த பொருளின் பெருமை கொடையின் அளவாகாது. கொடுப்போன் தன்னை எவ்வளவு விட்டுக்கொடுத்தான், கொள்வோன் முகத்தை எவ்வளவு நோக்கினான், தன்னைச் சார்ந்தோரை மறவாது கொடுத்தானா என்னும் மூன்றுமே அதன் அளவுகோல்களாம். இவ்வளவுகோல்களை யாம் வெளியிலிருந்து கொணர்ந்து புறநானூற்றின்மேல் ஏற்றினோம் அல்லேம். பரணரும் கபிலரும் அரிசில்கிழாரும் பெருஞ்சித்திரனாரும் தம்மைப் புரந்தோர் முன்னிலையிலேயே இவற்றைப் பயன்படுத்தினர். புரந்தோரும் அப்பாட்டுக்களைக் கேட்டிருந்தனர். தொகுத்தோரும் அவற்றை நீக்காது வைத்தனர்.

கல்வி நிலையங்களைச் சார்ந்த நமக்கு இது பழங்கதை மாத்திரமன்று. நம் நாட்டுச் சைவப் பாடசாலைகள் பல, செல்வரின் பெருநிதியோடு, உலையிலிடும் அரிசியில் ஒருபிடி எடுத்துவைத்த இல்லத்தரசியரின் கைகளாலும் வளர்ந்தவை. அப்பிடியரிசியின்மேற் பெயர் பொறிக்க இடமில்லை. 1983 ஆம் ஆண்டின் பின்னர் நிகழ்ந்த பெரும் புலப்பெயர்வினாற் கடல்கடந்து வாழும் பழைய மாணவர் பலர், இன்று தாம் கற்ற கல்லூரிகளுக்குக் கட்டடமும் கருவியும் அனுப்புகின்றனர். அது போற்றற்குரிய செயலே. ஆயினும் கட்டடத்தின் முகப்பிற் பெயர்ப்பலகை ஒளிர, அதனுள்ளே பசியோடு அமர்ந்து படிக்கும் பிள்ளையின் முகத்தை ஒருவரும் நோக்காராயின், காணாது அனுப்பிய பரிசிலை மறுத்த புலவனது குரல் ஆண்டு கேட்கத்தான் செய்யும். ஆசிரியர் தம் ஓய்வுவேளையில் ஒரு மணிநேரத்தை மெலிந்த மாணவனுக்கு ஈதலும், மாணவன் தான் படித்து முடித்த புத்தகத்தைப் பின்வருவானுக்குக் கையளித்தலும் பொருளளவிற் சிறியன. ஆயின் அவற்றிற் கொடுப்போனும் உடன்செல்கின்றான்.

எனவே, இனி வகுப்பறையிற் பேகனைப் பற்றிக் கூறும் ஆசிரியர் 141 ஆம் பாட்டோடு நில்லாது 145 ஆம் பாட்டையும் கூட்டிக் கற்பிப்பாராக. மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன் என்று மனனஞ் செய்யும் மாணவன், தேரேறிச் செல்லுக என்று அவனை இரந்த புலவர் நால்வரையும் அறிந்துகொள்வானாக. பேகன் அவ்விரவில் தேரேறினானா என்பதைப் புறநானூறு கூறவில்லை. அதனைக் கூறாது விட்டமையால், அவ்வேண்டுகோள் பேகனோடு முடியாது, பாட்டைப் படிக்கும் ஒவ்வொருவர் வாயிலிலும் இன்றும் வந்து நிற்கின்றது.